மணியை மட்டும் நிறுத்த

இல்லங்க, கேள்வி அனுப்பின அந்த அம்மா ஃபோன்லேர்ந்து கேட்டிருந்தா வேலை சுலபம். மாத்திரை நேரத்துக்கு மணியடிக்கிற ஆப் எங்களோடது, அதுக்கு உதவிப் பக்கம் எழுதுறது நான். அவங்ககிட்ட இருக்கிறது கம்ப்யூட்டர் மட்டும்தான், அதுலேர்ந்து கேட்டிருந்தாங்க: "வீட்டுக்காரர் தவறிட்டார். அவர் பேரை அழிக்காம மணியை மட்டும் எப்படி நிறுத்துறது?" ஃபோன்ல அதுக்குப் பட்டன் இருக்கு. கம்ப்யூட்டர்ல ஆளையே நீக்கணும். "இல்லாத பட்டனுக்கு என்னடா எழுதுவ, கவிதையா?"ன்னு சிரிச்சுக்கிட்டே வந்த, என்கூட வேலை பாக்குற ரெஜினா அக்கா, கேள்வியைப் படிச்சதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் நோண்டிப் பாத்து, ரெண்டு பேருமா எழுதினோம்: "அடுத்த மாத்திரைத் தேதியை 2099-க்குத் தள்ளி வையுங்கள். மணி அடிக்காது. அவர் பெயர் அங்கேயே இருக்கும்." காலண்டர் அதுக்கு மேல போகல. 2099 போதும்ல? நீங்க என்ன நினைக்கிறீங்க?