ஐம்பத்தைந்தில் நின்ற முள்

ஏழாவது கண்ணாடியும் வெடித்தது.

கண்ணாடி அல்ல. அதன்மேல் அவள் பூசிய படலம்.

தலைமுடியில் நூறில் ஒரு பங்குகூட வராத தடிமன். உள்ளே கோடிக்கணக்கான நுண்துளைகள். டைட்டானியம் ஆக்சைடு. பெயர்தான் பெரிது. லென்ஸை வைத்துப் பார்த்தால், காய்ந்த கண்மாய் மாதிரி பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கிறது.

உட்கார்ந்தாள். எழுந்தாள். ஜன்னல்வரை போய்த் திரும்பினாள்.

நாளைக் காலை பத்து மணிக்கு மின்னணு நுண்ணோக்கி அவளுக்கு. ஒன்றரை மணி நேரம். தவறவிட்டால் அடுத்த முறை மூன்று மாதம் கழித்துத்தான். அதற்குள் ஆய்வேட்டுக்கான கெடு முடிந்துவிடும். ஐந்து வருட உழைப்பும் அதோடு போச்சு.

கொண்டுபோய் வைக்க உருப்படியாக ஒரு படலம் வேண்டும். ஒன்றே ஒன்று.

போன வாரம்வரை வந்துகொண்டுதான் இருந்தது. திங்கட்கிழமை முதல்தான் இந்தக் கூத்து.

கரைசலைப் புதிதாகக் கலக்கிப் பார்த்தாள். ஆல்கஹால் பாட்டிலை மாற்றினாள். கண்ணாடியை மூன்று தரம் கழுவினாள். முக்கி எடுக்கும் வேகத்தைப் பாதியாக்கினாள். ஏசியைத் திட்டினாள்.

வெடித்தது.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

நோட்டைப் புரட்டினாள். தேதி, வெப்பம், வேகம், ஈரப்பதம். எல்லாம் நாள் தவறாமல் எழுதியிருக்கிறாள்.

ஈரப்பதம் ஐம்பத்தைந்து. ஐம்பத்தைந்து. ஐம்பத்தைந்து.

அக்கினி நட்சத்திரத்திலும் ஐம்பத்தைந்து. ஐப்பசி அடைமழையிலும் ஐம்பத்தைந்து.

போய்ச் சுவரில் தொங்கும் ஈரமானியைச் சுண்டினாள்.

முள் அசையவில்லை.

எப்போது செத்ததோ. அவள் சேர்வதற்கு முன்பாகக்கூட இருக்கலாம். டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவளுக்கு ஒரு நாள்கூடச் சுண்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

காற்றில் ஈரம் குறைந்தால் படலம் அவசரமாகக் காயும். அவசரமாகக் காய்ந்தால் வெடிக்கும். இது அவளே ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்.

சரி, போன வாரம்வரை அந்த ஈரத்தை யார் கொடுத்தது?

கதவுக்குப் பின்னால், ஆணியில், துப்புரவு அட்டை. தேதி, நேரம், கையெழுத்து. பழைய அட்டைகளும் அதே ஆணியில்தான். தினமும் ஒன்பதரை. தினமும் கோணல் மாணலாக ஒரே பெயர்: லூர்தம்மாள்.

துடைப்பானைப் பிழியவே மாட்டாள் அந்த அம்மாள். தரையெல்லாம் குளமாக்கிவிட்டுப் போவாள். கதவை மூடிக்கொண்டு, பத்து மணிக்கு இவள் முதல் கண்ணாடியை முக்குவாள்.

அட்டையையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

ஈஸ்டருக்கு மறுநாள் கையெழுத்து இல்லை. நோட்டில் அன்று, 'வெடிப்பு. கரைசல் பழசா?'

மகளின் பேறுகாலத்துக்கு அந்த அம்மாள் போன நான்கு நாளும் இல்லை. நோட்டில், 'வெடிப்பு. கண்ணாடி மட்டம்?'

இந்தத் திங்கள் முதல் கையெழுத்தே இல்லை.

ஏன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

சென்ற வெள்ளிக்கிழமை ஒரு படலத்தில் இரண்டு தூசு. அந்தக் கோபத்தில் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தாள். துப்புரவுப் பணியாளரால் ஆய்வு கெடுகிறது என்று. அந்த அலுவலகம் அவ்வளவு வேகமாக வேலை பார்த்து அவள் கண்டதில்லை. திங்கட்கிழமையே லூர்தம்மாளை விடுதிக் கழிப்பறைகளுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

வாளியை எடுத்தாள். தரையைத் தானே நனைத்தாள். பிழியாமல். கதவை மூடினாள். அரை மணி நேரம் கழித்து எட்டாவது கண்ணாடியை முக்கினாள். மெல்ல இழுத்தாள். காயவிட்டாள்.

லென்ஸை வைத்தாள்.

ஒரு கீறல் இல்லை.

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை.

இனி ஒரு வாளி போதும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. கண்ணாடியை உலையில் வைத்தாள். நான்கு மணி நேரம் வேக வேண்டும். நாளைக்குத் தயாராகிவிடும்.

உட்கார்ந்தாள். எழுந்தாள். இருப்புக் கொள்ளவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு விடுதிக்கு நடந்தாள்.

பின்பக்கக் குழாயடியில் லூர்தம்மாள் வாளிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகியிருந்தாள். விரலிடுக்கெல்லாம் ஆசிட்டில் வெந்து வெளுத்திருந்தது.

"வாங்க பாப்பா. யாரோ எம் மேல பெட்டிசன் போட்டுட்டாவளாம். யாருன்னு கேட்டா ஆபீஸ்ல சொல்ல மாட்டங்காவ. யாரு போட்டிருந்தாலும் நல்லா இருக்கட்டும். இந்த ஆசிட்டுதான் எனக்குச் சேரல. நீங்க படிச்ச புள்ள. மறுபடி அங்கனயே போடச் சொல்லி ஒரு லெட்டர் எழுதித் தாங்களேன்."

முகத்தில் அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். துவைகல்லில் வைத்து எழுதினாள். முதல் வரியை அடித்தாள். மறுபடி எழுதினாள். அதையும் அடித்தாள். மூன்றாம் முறை அடிக்கவில்லை.

லூர்தம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினாள். அவளுக்குத் தன் பெயர் மட்டும்தான் எழுதத் தெரியும்.

"என்ன எழுதிருக்கியன்னு ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்க பாப்பா. நான் எங்கன கையெழுத்துப் போடணும்?"

"நீங்க போட வேண்டாம்க்கா. நான்தான் போடணும்."

தாளைத் தூக்கிப் பிடித்தாள். வாசித்தாள்.

"'சென்ற வெள்ளிக்கிழமை லூர்தம்மாள் மீது நான் எழுதிக் கொடுத்த புகார்...'"

வாளி நிரம்பி வழிந்தது. ஒருவரும் எழுந்து குழாயை மூடவில்லை.