அடியில் ஒட்டியது

ஞாயிறு நண்பகல். ஆம்பூர் வீட்டுச் சமையலறையின் சன்னல் வெயில், மாட்டுக்கறியை வறுத்தெடுத்துவிட்ட மண்சட்டிக்குள் சாய்வாக விழுகிறது. அடியில் மசாலா கருஞ்சிவப்பாக ஒட்டியிருக்கிறது. உப்பு ஜாடியில் சாய்த்துவைத்த கைபேசியில், தான் வேலைபார்க்கும் கப்பலின் சமையலறையிலிருந்து வெள்ளைத் தொப்பியுடன் இன்பராஜ் தெரிகிறான். புதிதாகக் கற்ற சொல்லொன்றை மனைவி பிரிசில்லாவுக்கு விளக்குகிறான். "கறிய எடுத்துட்டு, சூட்டோட கொஞ்சம் சூப்பு ஊத்தணும். அடில ஒட்டுனதெல்லாம் கரைஞ்சி வந்துடும். டீகிளேஸ்னு பேரு." அவள் சட்டியைப் பார்க்கிறாள். "நாம சோறு போட்டுப் பெரட்றோம், அவங்க சூப்பு ஊத்துறாங்க. இதுக்கு ஒரு பேரு, ஒரு தொப்பி வேற!" அவன் சிரிக்கிறான், சிரிப்பு நின்றபின்னும் தொப்பியைச் சரிசெய்துகொண்டே இருக்கிறான். "இன்னாங்க, லீவு கெடைக்கலியா?" "ஈஸ்டருக்குத்தான் பிரிசி. இங்க ஆளு கம்மி." "கிறிஸ்மசுக்கு வர்றேன்னீங்க." அவனுக்குப் பின்னால் பாத்திரங்கள் மோதுகின்றன. யாரோ அவனை அழைக்கிறார்கள். திரை இருள்கிறது. அவள் சுடுசோற்றைச் சட்டியில் இட்டு, அடி தெரியும்வரை பிரட்டுகிறாள். வெண்சோறு மெல்லச் சிவக்கிறது. ஆவி வெயிலில் ஏறிக் கலைகிறது. மணமான நாள்முதல் சட்டிச்சோற்றை இருவரும் எதிரெதிரே அமர்ந்து, ஆளுக்கொரு பக்கமாகவே உண்டிருக்கிறார்கள். வட்டச் சட்டிக்குப் பக்கங்கள் இல்லை. ஆயினும், அவள் தன் பக்கத்துச் சோற்றை மட்டும் உண்டு முடிக்கிறாள்.