நாற்பத்திரண்டு தடவை

“மெழுகு பொம்மை. கம்ப்யூட்டர்ல கிழவனைக் குமரனாக்கினா இப்படித்தான் இருக்கும்” என்றார் கத்தரி, பின் வரிசைக்கும் கேட்கும்படி.

திரையில் இளம் கேப்டன் விண்கப்பலின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த நடிகருக்கு இப்போது எழுபது வயது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, மெதுவாகப் பேசச் சொல்லிக் கத்தரியின் முழங்கையை இடித்தாள்.

கத்தரி என்பது வாசகர்கள் வைத்த பெயர். இருபது வருடமாக ஒரு வாரப் பத்திரிகையின் விமர்சனப் பகுதியில் படங்களை வெட்டிப் போடுகிறவர். ‘கரும்பரிதி’ வரிசையில் ஒன்பதாவது படத்தை, வெளியாகுமுன் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டுவதாகச் சொல்லி அன்று காலை அழைத்திருந்தார்கள். கேப்டன் எப்படிக் கேப்டன் ஆனான் என்ற கதை. கடைசியாக எடுத்ததுதான் என்றாலும், முதல் படத்துக்கும் முந்தி நடப்பது.

காரை நிறுத்த இடம் தேடி அலைந்ததில் புருஷனும் பெண்டாட்டியும் கால் மணி நேரம் தாமதம். தியேட்டர் மேனேஜரின் வரவேற்புப் பேச்சு போயிற்று, படத்தின் தொடக்கமும் போயிற்று. இரண்டாலும் தனக்கு நஷ்டமில்லை என்றபடி இருட்டில் தடவி உட்கார்ந்தார் கத்தரி.

உண்மையில் அன்று அவருக்கு நஷ்டப்பட நிறைய இருந்தது. பத்திரிகையில் ஆசிரியர் நாற்காலி காலி. முதலாளியோ ‘கரும்பரிதி’ பைத்தியம். முதல் படத்தின் வசனம் ஒரு வரி விடாமல் மனப்பாடம். புதுப் படத்தை முதல் படத்தோடு ஒப்பிட்டு மதியம் ஒரு மணிக்குள் எழுதிக் கொடுங்கள், படித்துவிட்டு நாற்காலியைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருந்தார். முதல் படத்தை நாற்பத்திரண்டு தடவை பார்த்தவராயிற்றே கத்தரி. அப்படித்தான் அவர் வருடாவருடம் எழுதிவந்தார்.

விண்கப்பல் ஆடியது. தகரத்தையும் அட்டையையும் ஒட்டிவிட்டுப் பழங்காலம் என்று ஏமாற்றுகிறார்கள் என்றார். கேப்டன் தன் தங்கையைச் செத்துக்கொண்டிருக்கும் கிரகத்தில் விட்டுவிட்டுக் கிளம்பினான். இந்த ஒப்பாரியெல்லாம் முதல் படத்தில் கிடையாது என்றார். மனைவி மூக்கை உறிஞ்சியதைக் கேட்டதும் அவருக்கு எரிச்சல் ஏறியது. இதற்கெல்லாம் அழுகிறவளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்று முணுமுணுத்தார்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் காதருகே குனிந்தாள்.

“என்னங்க, பின்னாடி ரெண்டு பேரு, கேப்டன் வாயைத் திறக்கிறதுக்கு முந்தியே வசனத்தைச் சொல்லிடறாங்க.”

“அரைச்ச மாவுதானே. பச்சப் புள்ளகூடச் சொல்லும்.”

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். பிறகு, முதல் படம் இதைவிட அவ்வளவு நன்றாக இருக்குமா என்று கேட்டாள். அதுவும் இதுவும் ஒன்றா, அது காவியம் என்றார். இருபத்தெட்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோமே, ஒரு தடவைகூட என் கண்ணில் அதைக் காட்டவில்லையே என்றாள். அதெல்லாம் கல்யாணத்துக்கு முந்தி பார்த்தது என்றார் கத்தரி.

“நாப்பத்திரண்டு தடவையுமா?”

படத்தைப் பார் என்று திரையைக் காட்டினார் கத்தரி.

கடைசிக் காட்சியில் கேப்டன் வெறும் வானத்தைப் பார்த்து சல்யூட் அடித்தான். பின்னால் யாரோ கை தட்டினார்கள். இதற்குக்கூடக் கை தட்ட ஆள் இருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டு, திரையில் பெயர்கள் ஓடத் தொடங்குமுன் கத்தரி வெளியே வந்துவிட்டார்.

வராந்தாவில் ஜன்னல் ஓரமாக நின்று அலுவலகத்துக்குப் போன் போட்டார். தட்டச்சு செய்யும் பெண்ணை எழுதிக்கொள்ளச் சொன்னார். வழக்கமாக வீட்டுக்குப் போய் இரண்டு தடவை அடித்துத் திருத்தி எழுதுகிறவர்தான். அன்று வார்த்தை கொட்டியது.

“முதல் படத்தின் கால் தூசுக்குப் பெறாது இந்தப் படம். போட்டுக்கிட்டியா? அதில் கேப்டன் ஒற்றைப் பார்வையில் சொன்னதை இதில் அரை மணி நேரம் உளறுகிறான். தங்கையை விட்டுப் பிரியும் காட்சி, தெருக்கூத்தில்கூடத் தேறாது. கடைசியில் வெறும் வானத்துக்கு அடிக்கிற சல்யூட், முதல் படத்தை உண்மையாக நேசித்தவர்களின் முகத்தில் அடித்த அறை. முற்றுப்புள்ளி.”

சல்யூட் என்றுதானே சொன்னீர்கள் என்று அவள் கேட்டாள். தமிழ்தானே பேசுகிறேன், சொன்னதை அடி என்று கத்தரி எரிந்து விழுந்தார். ஒரு எழுத்துகூட மாற்றாமல் நேரே முதலாளிக்கு அனுப்பு என்றார்.

மனைவி வெளியே வந்தபோது அவர் முகம் மலர்ந்து நின்றார். ஆசிரியர் அறைக்கு ஜன்னல் திரை என்ன நிறத்தில் தைக்கலாம் என்று கேட்டார். அவள், நாற்காலி வரட்டும், திரையைப் பிறகு பார்க்கலாம் என்றாள்.

போன் அடித்தது. அதே பெண்தான். அனுப்பியாகிவிட்டது, முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறார் என்றாள்.

“படிக்கட்டும், நல்லாப் படிக்கட்டும்” என்று போனை வைத்தார் கத்தரி.

அதற்குள் மேனேஜரே டீத் தட்டோடு வந்து நின்றார். பத்திரிகைக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து கோப்பையை எடுத்துக்கொண்டார்கள். தாமதமாக வந்தாலும் வந்துவிட்டாரே என்று கத்தரியிடம் மேனேஜருக்கு ஏக சந்தோஷம்.

“உங்களுக்கு மனப்பாடமா இருக்கும், ஆனா மத்தவங்களுக்கும் முதல் படத்தை ஒரு தடவை ஞாபகப்படுத்தணும் இல்லையா? டீயைக் குடிச்சிட்டு உள்ள வாங்க சார், இனிமேதான் புதுப் படம்.”