தணிகாசலம் போட்டுவைத்த வசதி

நெடுநாள் பார்க்காத முகங்களை நினைவிலிருந்து அழித்து இடம் மிச்சம்பிடிக்கும் புது வசதி, எல்லோர் தலையிலும் பதித்திருக்கும் மூளைச் சில்லின் கெர்னலில், அதாவது அடி மென்பொருளில், வந்தது. அது எல்லோருக்கும் தானாகவே ஓடட்டும் என்று முடிவுசெய்த மகானுபாவன் வேறு யாருமில்லை, அந்தச் சில்லுக் கம்பெனியில் வேலைபார்க்கும் நம் தெருத் தணிகாசலம்தான். "வேண்டாதவங்க அணைச்சுக்கட்டுமே" என்றானாம். அம்மாவை வந்து பார்க்கத்தான் ஐயாவுக்கு மூன்று பொங்கலாக நேரமில்லை.

இந்தப் பொங்கலுக்குக் கரும்போடு வந்து கதவைத் தட்டினான். எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன.

"யாரு தம்பி நீங்க?" என்றாள் அம்மா சுலோசனா.

அழிந்தது திரும்பாது என்று அவனுக்குத் தெரியும். இன்று பார்த்த முகமாவது தங்கட்டுமே என்று, "அந்த வசதியை அணைச்சிடும்மா" என்று கெஞ்சினான்.

"அது எம் மகன் போட்டுவச்சது தம்பி. அவன் வரட்டும், கேட்டுக்கிட்டு அணைக்கிறேன்."