கூப்பிட்டால் வருமா?

சி மொழியில் எழுதிய பழைய புரோகிராம் லைப்ரரியின் ஃபங்ஷன்களைப் பைத்தான் மொழியிலிருந்து கூப்பிட்டு இயக்க ஓர் இணைப்பு வேண்டும். புரோகிராமர் ஒரே கமாண்டைத் தட்டினான். கண்மூடித் திறப்பதற்குள் தயார். ஒவ்வொன்றாகக் கூப்பிட்டும் பார்த்தான். முதுகுக்குப் பின்னால் எதுவோ 'டக்' என்றது. திரும்பவில்லை.

போனில் அதிகாரி கேட்டார். "என்னப்பா, கூப்பிட்டா வருதா?"

"ஒண்ணு விடாம கூப்பிட்டேன் சார். ஒண்ணுகூட மக்கர் பண்ணல."

"டெஸ்ட் மெஷின்லதானே?"

"இல்ல சார். இங்கயே, உங்க கன்ட்ரோல் ரூம்ல."

"அடப்பாவி! முதல்ல ரூமைப் பூட்டு!"

"ஏன் சார்?"

"எல்லாக் கம்பிக்கதவையும் திறக்கிறதே அந்த லைப்ரரிதான்டா!"

திரும்பினான். அறைக்கதவின் மின்பூட்டும் திறந்திருந்தது.

ஜெயில் வராந்தாவில் வெறுங்காலடிகள் அவசரமே இல்லாமல் நெருங்கிக்கொண்டிருந்தன. ஒன்று விடாமல் கூப்பிட்டிருந்தான், எல்லாரும் வந்துகொண்டிருந்தார்கள்.