இருபதாவது மாடி

"இன்னும் ஒரு அடி முன்னாடி வச்சீங்கன்னா வண்டியில ஏத்திடுவேன், சொல்லிட்டேன்!" என்றார் போலீஸ்காரர் பிக்கெட்.

"ஏத்துய்யா! எழுபத்தஞ்சு வயசுக்காரிய விலங்கு மாட்டி ஏத்து. டிவிக்காரன் அங்கதான் நிக்கறான், கூப்பிடட்டுமா?" வெர்னா டுபெக் தடுப்புக் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "ஒன்பது மணிக்குள்ள நான் அந்த மேடையில இருக்கணும். வழிய விடு!"

மணி எட்டே முக்கால். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ஊரே ஆற்றங்கரைக்கு வந்திருந்தது. சரியாக ஒன்பதுக்கு, பழைய இரும்பாலையின் தலைமை அலுவலகமான ஹேலரன் டவரை வெடி வைத்துத் தகர்க்கப் போகிறார்கள். அதைப் பார்க்க மடக்கு நாற்காலி, டோனட், ஃபிளாஸ்கில் காபி சகிதம் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். சர்ச் பெண்கள் பைரோகிக் கொழுக்கட்டை விற்றார்கள். 'நானும் பார்த்தேன்' என்று அச்சடித்த பனியன்கூட விற்பனைக்கு வந்துவிட்டது. ஆலைகள் மூடிய பிறகு இந்த ஊரில் இவ்வளவு கூட்டம் கூடியதே இல்லை.

"மேடையில உங்களுக்கு என்ன வேலை?" என்றார் பிக்கெட்.

"அந்தப் பட்டன்ல மேயர் கை படக் கூடாது. அதுக்குத்தான்."

"அதானே பார்த்தேன்!" அவள் போட்டிருந்த மேலங்கியை அவர் விரலால் சுட்டினார். முதுகில் 'ஹேலரன் ஸ்டீல்' என்று எழுதிய, சாயம் போன நீல அங்கி. "காலையிலேர்ந்து இந்தச் சட்டை போட்ட பதினாலு பேரை விரட்டியாச்சு. நீங்க பதினஞ்சாவது."

அவர் சொன்னதும் உண்மைதான். எதிர்ப்புறம் 'டவரை இடிக்காதே' என்று அட்டை பிடித்து நின்ற இளவட்டங்கள் அத்தனை பேரும் அதே அங்கியைத்தான் போட்டிருந்தார்கள். பழைய துணிக் கடையில் தேடிப் பிடித்து வாங்கியது. அவர்களில் ஒருவர்கூட ஆலைக்குள் கால் வைத்ததில்லை.

"அதுங்களும் நானும் ஒண்ணா? இது என் புருஷன் போட்டதுய்யா! அந்த டவருக்கு இரும்பு உருக்கின மனுஷன் அவரு!"

"எல்லாரும் இப்படித்தான் ஒரு கதை சொல்றாங்க."

"என் பேரு மேடையில இருக்கு. போய்க் கேட்டுட்டு வா."

"அதையும் மூணு பேர் சொல்லியாச்சு." பிக்கெட் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் வெர்னாவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

அட்டை பிடித்தவர்களில் ஒருத்தி, கோர்ட்னி, ஓடி வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

"அம்மா, உங்க கோபம் எங்களுக்குப் புரியுது. இடிக்கறதையும் திருவிழா ஆக்கிட்டாங்க. இதுல குலுக்கல் வேற! சீட்டு விழுந்தவங்க பட்டனை அழுத்தலாமாம். எவ்வளவு கேவலம்!"

"கைய எடும்மா."

"இந்த டவர்தானேம்மா நம்ம ஊருக்கே அடையாளம்?"

"அடையாளமா?" வெர்னா வெடித்தாள். "நான் கல்யாணமாகி வந்தப்ப இந்தக் கரையில பதினோரு புகைபோக்கி. ராத்திரியிலகூட வானம் செவப்பா இருக்கும். அதுக்கு நடுவுல, அத்தனையையும்விட உசரமா இதைக் கட்டினாங்க. அப்புறம் புகைபோக்கி ஒண்ணொண்ணா சாஞ்சுது, இது மட்டும் ஒத்தப் பல்லு மாதிரி நின்னுது. இன்னைக்கு இதுவும் போச்சுன்னா ஊர்ல உசரமா மிஞ்சறது எது தெரியுமா? ஆஸ்பத்திரியும் ஜெயிலும்! நாப்பத்தெட்டு வருஷமா சமையலறை ஜன்னலைத் திறந்தா எனக்கு இதோட மூஞ்சிதான்." அவள் மேலங்கியின் கையைத் தடவிக்கொண்டாள். "என் புருஷன் ஸ்டான் இருந்திருந்தா இன்னைக்கு எனக்கு முன்னாடி வந்து நின்னிருப்பார்."

கோர்ட்னி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிக்கெட்டின் குரலும் இறங்கியது.

"எங்கப்பாவும் அந்த ஆலைதாம்மா. எனக்கும் மனசு இருக்கு. ஆனா மேலிடத்து உத்தரவு, நான் என்ன பண்ண?"

"ஆலைக்காரன் மகனா நீ? அப்ப உனக்குக் கொஞ்சமாவது சூடு சொரணை இருக்க வேண்டாமா?"

எச்சரிக்கைச் சங்கு நீளமாக ஊதியது. கூட்டம் மொத்தமும் கைபேசியைத் தூக்கிப் பிடித்தது. ஒலிபெருக்கி கரகரத்தது.

"குலுக்கலில் தேர்வான திருமதி வெர்னா டுபெக் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும். ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் மேயரே பட்டனை அழுத்துவார்."

"இங்கதான் இருக்கேன்!" வெர்னா இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். "இந்த மடையன் விட மாட்டேங்கறான்!"

பிக்கெட்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. தடுப்பை இழுத்து ஓரம் தள்ளினார். கோர்ட்னி ஒரு நொடி வாயைப் பிளந்து நின்றாள். அடுத்த நொடி அவள் முகம் மலர்ந்தது.

"அம்மா! சீட்டு உங்களுக்கா விழுந்திருக்கு? நல்லதாப் போச்சு! டிவி முன்னாடி நின்னு அழுத்த மாட்டேன்னு சொல்லிடுங்க. அதுக்கப்புறம் ஒருத்தனுக்கும் அதைத் தொடத் தைரியம் வராது!"

வெர்னா தடுப்பைத் தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"மாட்டேன்னு சொல்லவா? அந்த இருபதாவது மாடியில உக்காந்து காபி குடிச்சுகிட்டு, முதலாளிங்க ஒரே கடுதாசியில ஐயாயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பினானுங்க. அதை வாங்கின அன்னைக்குப் படுத்த என் ஸ்டான் அப்புறம் எழுந்திருக்கவே இல்ல. அந்தப் பட்டன் என் கைக்குத்தான் வரணும்னு நான் ஒருத்தியே நானூறு சீட்டு வாங்கியிருக்கேன்டி!"