பில்டின் கடைசி வரி

முதல் ஓட்டம் பிழையில் நின்றது. இரண்டாவதும் நின்றது.

மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முப்பது பேர் எழுதும் நிரல்களைச் சேர்த்து ஒரே மென்பொருளாகக் கட்டித் தரும் கருவி. ஆபீஸில் எல்லோருக்கும் அது ‘பில்ட்’. பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பில் எழுதியது. புதிய பைத்தானுக்கு மாற்றும் வேலை, சுற்றிச் சுற்றி அவள் தலையிலேயே விழுந்தது.

எழுதியவன் செங்கோட்டுவேலன். ஒன்பது வருடத்துக்கு முன்பு வேலையை விட்டுப் போனவன்.

போனவன் என்று சொல்லிக்கொள்வது அவளுக்கு வசதி. அனுப்பினார்கள்.

ஒரு மத்தியானம் அவன் டீ குடிக்கப் போயிருந்தான். அவசரத்துக்கு அவன் கணினியில் உட்கார்ந்து அவள் ஒரு மாற்றம் செய்தாள். தப்பான மாற்றம். அந்த மென்பொருளை நம்பியிருந்த ஒரு பனியன் கம்பெனியின் ஏற்றுமதி இரண்டு நாள் முடங்கியது. பதிவில் இருந்தது அவன் பெயர்.

அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவனோடு பேச முகமும் இல்லை.

அவன் போன நாளிலிருந்து அவள் ஓட்டும் ஒவ்வொரு பில்டும் ஒரு குப்பை வரியோடுதான் முடியும். சாய்கோடும் எண்ணுமாக, திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. ஓடுகிற வண்டியை நோண்டுவானேன் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அவன் எழுதிய கோப்பைத் திறக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாவது ஓட்டம் முடிந்தது.

குப்பை இல்லை. கடைசி வரி தமிழில் இருந்தது.

“கோகிலா, அன்னைக்கு என் சீட்ல உக்காந்தது நீதான்னு தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லல. நீயும் சொல்லிக்காத. ஒரு போன் மட்டும் பண்ணு.”

கோப்பைத் திறந்தாள். அவள் ஓட்டினால் மட்டும் வரும்படி, தமிழ் எழுத்துகளை எண்களாக எழுதி வைத்திருந்தான். பழைய பைத்தானில் அவற்றுக்கு முன்னால் ஓர் அடையாள எழுத்து போட வேண்டும். கிளம்புகிற அவசரத்தில் மறந்திருக்கிறான். புதியது அதைக் கேட்பதில்லை.

அவளும் அன்றைக்கு அவசரத்தில்தான் செய்தாள்.

ஒன்பது வருடம். தினமும் பத்து தடவையாவது அவள் கண்ணெதிரே ஓடிய வரி.

அவள் படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாள் என்று அவன் நினைத்திருப்பான்.

கர்சரை அந்த வரியில் வைத்தாள். ஒரு விசையைத் தட்டி அதை அழித்தால் போதும், யாருக்கும் தெரியாது. சொல்லாதே என்று அவனே எழுதியிருக்கிறான்.

எதிர் மேசையிலிருந்து ரோஸ்லின் எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, அந்தக் குப்பை லைன் ஒருவழியா போயிருச்சுங்களா?”

“இல்ல ரோஸ்லின். இங்க வந்து படி.”

ரோஸ்லின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் அவள் போனை எடுத்திருந்தாள். அவன் பெயர் இன்னும் அதில் இருந்தது.

மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.